மூட்டையை அழைத்துப் போக வா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நான், அவர், பாப்பா மூவரும் நலம். உன் நாய் மூட்டையும் நலம். சொல்லப்போனால் எங்கள் எல்லோரையும்விட அதுதான் சுகமாக இருக்கிறது. எங்கள் பூனை மேனேஜரும் நலம். போனில் சிக்னலே எட்டிப்பார்க்காத மலைக்குள் சுரங்கம் தோண்டுகிறார்கள் என்றால், அங்கே போய் நர்ஸ் வேலை பார்க்க உன்னை விட்டால் வேறு ஆள் கிடைக்கவில்லையா? இனி சரக்கு லாரியில் வரும் கடிதம்தான் கதி என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தை விட்டபின் இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. சிரிக்காமல் படி.

முதலில் உன் செல்லப்பிள்ளையைப் பற்றி. நீ புறப்பட்ட அன்று மூட்டையை வண்டியில் ஏற்ற நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கியும் மசியாமல் நின்றது. பாப்பா உள்ளே போய் உட்கார்ந்ததும் யாரும் கூப்பிடாமலே தாவி ஏறி அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டது. இன்னும் அந்தக் குணம் மாறவில்லை. பாப்பா முதலில் ஏறாத எந்த வண்டியிலும் அது ஏறாது. அவள் பள்ளிக்குப் போகும் வண்டியில் ஒரு நாள் அதுவும் ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்துத் தெருவையே கூட்டிவிட்டது.

முடி கொட்டும் என்று நீ சொன்னாய். இப்படிக் கொட்டும் என்று சொல்லவில்லை. சோபாவில், தலையணையில், தண்ணீர் டம்ளரில், சர்க்கரை டப்பாவுக்குள், எங்கே பார்த்தாலும் வெள்ளை முடி. துணி துவைக்கும் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை என்று அடியிலிருக்கும் வடிகட்டியைக் கழற்றினால், உள்ளே இன்னொரு நாய்க்குட்டி செய்யும் அளவுக்கு இருந்தது. எனக்குத் தையல் வேலை என்பது அதற்குத் தெரியுமா என்ன? மூலைவீட்டு அம்மா கொடுத்த கறுப்புக் கோட்டின் கையைச் சுருக்கிக் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கோட்டுக்கு நரைத்துவிட்டதா என்று கேட்டார். நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

என் வீட்டுக்காரர் மட்டும் இல்லையென்றால் நான் இந்நேரம் மூட்டையை உன் லாரியிலேயே ஏற்றி அனுப்பியிருப்பேன். அவர்தான் மருந்துத் தொழிற்சாலையில் ஊசி மருந்து நிரப்பும் பகுதியில் மேற்பார்வை பார்க்கிறவர் ஆயிற்றே. தலை முதல் கால் வரை வெள்ளை உடையில் மூடிக்கொண்டு, கண் மட்டும் தெரிய நிற்கும் வேலை. அங்கே வேகமாக நடந்தால்கூடத் தூசு கிளம்பும் என்பார். வீட்டைச் சுத்தம் செய்ய எனக்குத் தெரியாது என்பதை எனக்குத் தெரியவைத்தவர் அவர்தான். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டினால் முடி இடம் மாறுமே தவிர வெளியே போகாதாம். முதலில் ஈரத்துணி. விசிறியின் இறக்கையில் தொடங்கி, அலமாரியின் மேல்தட்டு, நாற்காலி, கடைசியில்தான் தரை. மேலிருந்து கீழே, ஒரே பக்கமாக. சோபாவுக்கு, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை நனைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடவு தடவினால் முடியெல்லாம் சுருண்டு கையோடு வந்துவிடுகிறது. மூட்டையை வாசலுக்கு வெளியே நிறுத்தித் தினமும் அவரே சீவிவிடுகிறார். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு அரசன் மாதிரி நிற்கிறது. பாப்பா பக்கத்தில் குந்தியிருந்து அந்த முடியை உருட்டிப் பந்து செய்கிறாள்.

ஒரு விஷயம் மட்டும் மனதை அரிக்கிறது. அவர் பகுதியில் நிரப்பி மூடிய ஒரு குப்பிக்குள் முடி ஒன்று கிடந்ததாம். அந்த முறை நிரப்பிய எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். வீட்டில் பிராணி வளர்ப்பவர் யார் என்று கேட்டபோது, இவர் ஒருவர்தான் கையைத் தூக்கியிருக்கிறார். மற்றவர்கள் வீட்டில் நாய் பூனை இல்லையா என்ன? இவருக்குப் பொய் வராது. இப்போதைக்கு அட்டைப்பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். தற்காலிகம் என்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஜன்னலருகில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார். காப்பி ஆறிப்போவதுகூடத் தெரியவில்லை.

நீ கவலைப்படாதே. சரியாகிவிடும். மூட்டையை என் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உடம்பைக் கவனித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதமும் பாப்பாவுக்கு அனுப்பிய கம்பளிக் குல்லாயும் கிடைத்தன. குல்லாயை இன்னும் அவளிடம் கொடுக்கவில்லை. கம்பளி என்பதும் முடிதானே என்று அவர் சொன்னார். நியாயம்தான். பத்திரமாக உறைக்குள் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.

உனக்குத் தனி வீடு ஒதுக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எங்கள் வீடும் இப்போது நீ பார்த்த வீடு இல்லை. அவர் ஒரே ஆளாக எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார். வாசலில் ஒட்டும் விரிப்பு. அதன்மேல் காலை வைத்து எடுத்தால் பாதத்தில் இருப்பதெல்லாம் அதிலேயே தங்கிவிடும். உள்ளே வந்தால், அவர் தொழிற்சாலையில் பிரிப்பது போலவே, சுத்தத்தில் ஹால் மூன்றாம் தரம், சமையலறை இரண்டாம் தரம், படுக்கையறை முதல் தரம். ஒரு தரத்திலிருந்து இன்னொரு தரத்துக்குப் போகும்போது உடை மாற்ற வேண்டும். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. உப்பு எடுக்கப் போக ஒரு சேலை, உட்காரப் போக ஒரு சேலையா என்று கேட்டேன். அவரும் சிரித்தார். பழகிவிட்டால் ஒன்றும் தெரியவில்லை.

மாலையில் பொழுது சாய்வதற்குள் சோதனை. என் தையல் சாமானில் கறுப்பு லைனிங் துணி இருந்ததல்லவா, அதைச் சதுரமாக வெட்டி ஒவ்வொரு அறையிலும் தரையில் விரித்து வைக்கிறார். பிறகு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து அடிக்கிறார். அப்படி அடித்தால் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத முடியெல்லாம் எழுந்து நிற்கும். அவர் பார்த்து முடிக்கும் வரை நானும் பாப்பாவும் சுவரோரமாக நிற்போம். ஒன்றும் இல்லையென்றால் அன்றைக்கு நல்ல நாள். இருந்தால் மறுபடி விசிறியிலிருந்து தொடங்குவோம். கோபப்படவே மாட்டார், அக்கா. அதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். குரலை உயர்த்திப் பேசினால் வாயிலிருந்தும் துகள் பறக்கும் என்பார்.

தையல் வேலையை நிறுத்திவிட்டேன். ஊரார் வீட்டுத் துணியில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வருகிறதோ யாருக்குத் தெரியும்? மெஷினை பிளாஸ்டிக் உறை போட்டு மூடி ஓரமாக வைத்தாயிற்று. கைக்கும் ஓய்வுதான்.

மேனேஜர் வேலையை விட்டுவிட்டது. கதவு திறந்திருந்ததாம், வெளியே போய்விட்டதாம். பூனை என்றால் அப்படித்தான், இருக்கப் பிடித்தால் இருக்கும். பாப்பா பள்ளியிலிருந்து வந்து தேடினாள். அதற்குள் அவர் அதன் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து, படுக்கைத் துணியையும் எரித்துவிட்டிருந்தார். அவ்வளவு பொறுப்பு அவருக்கு.

மூட்டை பின்புறம் துணி துவைக்கும் இடத்தில் இருக்கிறது. முடியை ஒட்ட மழித்தாகிவிட்டது. தினமும் குளிப்பாட்டுகிறார். நீ போட்டோ கேட்டிருந்தாய், கொஞ்ச நாள் போகட்டும்.

பாப்பாவுக்கும் தலைமுடியைக் குட்டையாக வெட்டிவிட்டார். தோளில் புரளும் முடி என்று நீ ஆசை ஆசையாகப் பின்னிவிடுவாயே, இப்போது பையன் மாதிரி இருக்கிறாள். வெட்டும்போது கீழே விரித்த துணியில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"அப்பா, நானும் கொட்டறேனா?"

"எல்லாரும்தான் கொட்டறோம் கண்ணு. அதான் பிரச்சினையே."

அவர் அதைச் சொன்ன விதத்தில் எவ்வளவு பாசம் இருந்தது தெரியுமா! அவள் சமத்தாகிவிட்டாள். வீட்டுக்குள் ஓடுவதில்லை, குதிப்பதில்லை, மெதுவாக நடக்கிறாள். கூப்பிட்டால் வந்து ஒரு கை தூரத்தில் நிற்கிறாள்.

நான் எழுதுவதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். உன்னை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னார். உன் கடிதத்தை உறையைப் பிரித்து, துடைத்து, வெயிலில் காயவைத்த பிறகுதான் எனக்குக் கொடுத்தார். அடுத்த முறை கொஞ்சம் மெல்லிய காகிதத்தில் எழுது, அது துடைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் தங்கை

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். தங்களுக்குத் தனி வீடு கிடைத்திருப்பதால், தங்கள் நாயைத் தாங்களே வந்து அழைத்துச் செல்லுமாறு இருவரும் கேட்டுக்கொள்கிறோம். இங்கே வைத்துக்கொள்ள இயலாத நிலை. விரைவில் வரவும். தாங்கள் வீட்டுக்குள் வர வேண்டிய அவசியம் இருக்காது. நாயை வாசலில் ஒப்படைக்கிறோம். வராவிட்டால் நாங்களே வேறு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை

அக்கா,

இதற்கு முன் வந்த சின்னக் கடிதம் என் கையெழுத்து, அவர் வார்த்தை. உன்னைத் தாங்கள் என்று நான் என்றைக்காவது எழுதியிருக்கிறேனா? அதைப் படித்ததும் உனக்குப் பகீரென்றிருக்கும். இருக்க வேண்டும் என்றுதான் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் எழுதினேன்.

இப்போது நான் நாய் டாக்டரம்மாவின் மருந்தறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. மூட்டை என் காலடியில் கிடக்கிறது. முடி கொட்டுவதை நிறுத்த ஊசி இருக்கிறது என்று வீட்டில் அவரிடம் பொய் சொல்லிவிட்டு வந்தேன். வண்டியில் ஏறாது என்பதால் நடத்தியே கூட்டிவந்தேன். பாப்பாவை ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்பாய். அதுதான் இப்போது வீட்டில் சட்டம். நான் வெளியே போனால் அவள் உள்ளே இருக்க வேண்டும், அவள் வெளியே போனால் நான் உள்ளே. இருவரும் சேர்ந்து வாசலைத் தாண்டி வெகு நாளாகிறது. சாவி அவர் கழுத்தில்.

டாக்டரம்மா மூட்டையை மேஜையில் ஏற்றி விளக்கைப் போட்டுப் பார்த்தார். முதுகெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. எதைப் போட்டுக் குளிப்பாட்டுகிறீர்கள் என்று கேட்டார். தொழிற்சாலையில் மேஜை துடைக்கிற திரவத்தை அவர் கேன் கேனாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று சொன்னேன். டாக்டரம்மா மூட்டையின் தோலைப் பார்த்தார், பிறகு அதைப் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்தார். என் கையும் அப்படித்தான் இருக்கிறது, அக்கா. ஊசியில் நூல் கோக்க முடியாது இப்போது.

"வீட்ல குழந்தை இருக்கா?"

இருக்கிறாள் என்றேன். அவர் உடனே கதவைச் சாத்திவிட்டு, யாருக்காவது எழுத வேண்டுமானால் இங்கே உட்கார்ந்து எழுதும்மா, நானே அனுப்பிவிடுகிறேன் என்று காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து முதலில் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகுதான் எழுதத் தொடங்கினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அவரோடு வேலை பார்க்கும் கண்ணாடிக்காரர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். எங்கள் கல்யாணத்தில் எல்லோருக்கும் பந்தி பரிமாறினாரே, அவர்தான். உள்ளே விடவில்லை, வாசலில் நிறுத்தித்தான் பேச்சு. நல்ல செய்தியோடு வந்திருந்தார். அந்தக் குப்பியில் கிடந்தது முடியே இல்லையாம். பெரிய பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்த்ததில், குப்பி கழுவும் மெஷினில் சுழலும் பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த நைலான் இழை என்று தெரிந்துவிட்டதாம். பிரஷ்ஷை மாற்றிவிட்டார்கள். தப்பு எங்களுடையது, நீங்கள் பழைய இடத்துக்கே வந்துவிடுங்கள் என்று மேலிடத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. எல்லாம் முடிந்தது, நாளைக்கே இந்த விரிப்பையும் கறுப்புத் துணியையும் தூக்கிப்போட்டுவிடலாம், பாப்பா கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுவாள் என்று அதற்குள் மனக்கோட்டை கட்டிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சிரித்தார்.

"அவங்க சரியா பாக்கல."

அவ்வளவுதான். கண்ணாடிக்காரரை அனுப்பிவிட்டு, அவர் நின்ற இடத்தைத் துடைத்தார். வேலைக்குப் போவதையும் அன்றோடு நிறுத்திவிட்டார். அந்த இடமே அசுத்தம் என்கிறார். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. அதுவரை ஒரு முடிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலை டாக்டரிடம் கண்ணாடிக்காரர் சொல்லி, அவரும் ஒரு நாள் வந்து பார்த்தார். அவரிடம் இவர் எவ்வளவு தெளிவாகப் பேசினார் தெரியுமா? கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில். வேலைப்பளுதான், நன்றாகத் தூங்கட்டும், எல்லாம் சரியாகும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். போகும்போது, வீட்டை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்களே என்று என்னைப் பாராட்டிவிட்டு வேறு போனார்.

மேனேஜரைப் பற்றி நான் அவரிடம் கேட்கவேயில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். மூட்டையைப் பின்புறம் கட்டிப்போட்ட பிறகும் கறுப்புத் துணியில் முடி வந்துகொண்டுதான் இருக்கிறது. வராமல் எப்படி இருக்கும்? இத்தனை காலம் மெத்தைக்குள்ளும் மர இடுக்கிலும் போனது அவ்வளவு சீக்கிரம் வெளியே வந்து தீருமா? வீடு துடைக்கும் யாருக்கும் தெரியும் இது. அவருக்கு மட்டும் இந்தக் கணக்கு உதைக்கிறது. நாய் உள்ளே வருவதில்லை, ஆனாலும் முடி வருகிறது, அப்படியானால் உள்ளேயிருந்து யாரோ கொட்டுகிறார்கள் என்கிறார். மூட்டையைக் கட்டிப்பிடித்துக் கட்டிப்பிடித்து அதன் முடி பாப்பாவின் தோலுக்குள்ளேயே போய்விட்டதாம். நேற்றிலிருந்து அவளையும் அந்தத் திரவம் கலந்த தண்ணீரில்தான் குளிக்கவைக்கிறார். எரிகிறது என்று அவள் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், அக்கா. பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மூட்டையும் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். நான் குறுக்கே போய் அந்த வாளியைக் கவிழ்த்துவிட்டேன். அவர் இன்னொரு வாளி கலந்து கொண்டுவந்தார்.

சாமான் போடும் அறையைக் காலி செய்து சுவரெல்லாம் கழுவி, ஜன்னலை அடைத்து, கதவுக்குப் பிளாஸ்டிக் திரை போட்டிருக்கிறார். அது பாப்பாவுக்காம். முதல் தரத்துக்கும் மேலே ஒரு தரமாம். பள்ளிக்கூடம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அறையின் ஈரம் காய்ந்ததும் அவள் அதற்குள் போக வேண்டும். நன்றாகக் காயட்டும் என்று காத்திருக்கிறார். நான் சுத்தம் செய்கிறேன் என்ற சாக்கில் அந்தச் சுவரை நனைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அதனால் நீ வரவேண்டும். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும், லாரி காலியாகத் திரும்பும்போது அதிலேயே ஏறி வந்துவிடு. மூட்டையை அழைத்துப்போக வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல். அந்த ஒரு காரணத்துக்குத்தான் எங்கள் வீட்டு வாசல் திறக்கும். வேறு யார் எதற்காக வந்து தட்டினாலும் இனி திறக்காது. மூட்டை வீட்டில் இருக்கிற வரைதான் உனக்கு இங்கே வேலை இருக்கிறது. அது போய்விட்டால் நீ வரவும் காரணம் கிடையாது. வேறு ஏற்பாடு என்று அவர் எழுதச் சொன்னாரே, அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

மூட்டையை வண்டியில் ஏற்றுவது எப்படி என்று உனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நீ இழுத்துப் பார், ஏறாது. நானும் இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே ஏறிக்கொள்வேன். அப்போது அவரே பாப்பாவை அனுப்புவார். நாய் போய்த் தொலைந்தால் போதும் என்று இருக்கிறார், கட்டாயம் அனுப்புவார். அவள் ஏறி உட்கார்ந்ததும் மூட்டை தாவி ஏறும். அது ஏறிய உடனே கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுக்கச் சொல். திரும்பிப் பார்க்காதே. என்னைக் கூப்பிடாதே. நாயின் சாமான் என்று ஒரு பை தருவேன், அதன் அடியில் அவள் துணிமணி இருக்கிறது. நீ அனுப்பிய குல்லாயும் இருக்கிறது.

நீயும் ஏன் கூடவே வரவில்லை என்று என்னைத் திட்டுவாய். நான் அந்த ஒட்டும் விரிப்பின்மேல் நிற்பேன், அக்கா. வாசலை விட்டு அவர் இறங்க வேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது, உன்னிடம் மறைக்க மாட்டேன். அவரை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. என் காய்ச்சலுக்கு விடிய விடியக் கண் விழித்து நெற்றியில் துணி நனைத்துப் போட்ட அதே கைதான் இது. அந்த மனுஷன் உள்ளே எங்கேயோ இருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பாப்பா பத்திரமாகப் போய்விட்டால், கண்ணாடிக்காரரையும் வேறொரு நல்ல டாக்டரையும் கூட்டிவந்து ஏதாவது செய்து பார்ப்பேன். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் போன பிறகு வீட்டில் முடி உதிர்க்க நான் ஒருத்திதான் மிச்சம். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

டாக்டரம்மா கதவைத் தட்டுகிறார், நேரமாகிவிட்டது. மூட்டையின் முதுகுக்குக் களிம்பு போட்டிருக்கிறார். வீட்டுக்குப் போனதும் இவர் அதைத் துடைத்துவிடுவார், இருந்தாலும் அதுவரையாவது குளிர்ச்சியாக இருக்கட்டும்.

அவளைப் பார்த்ததும் தலைமுடியைப் பற்றி ஒன்றும் கேட்காதே. தானாக வளரட்டும். கொஞ்ச நாளைக்கு மெதுவாகத்தான் நடப்பாள், ஓடு என்று சொல்லாதே. கட்டிப்பிடிக்கப் போனால் ஒரு கை தூரத்தில் நிற்பாள், நீயே கிட்டே போய் இழுத்து மடியில் வைத்துக்கொள். மூட்டை அவள் படுக்கையில் ஏறிப் படுத்தால் துரத்தாதே. காலையில் போர்வையெல்லாம் வெள்ளை முடியாக இருக்கும். உடனே உதறிவிடாதே அக்கா, அவள் எழுந்து பார்க்கும்வரை அது அங்கேயே கிடக்கட்டும்.

உன்னை நம்பியிருக்கும்,
தங்கை